ஹௌரா ஸ்டேஷனில் ஓர் ஊசி: பாக்கூர் கொலை வழக்கு

(டாக்குரியாவில் நடந்த நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



காரியதரிசி என்னிடம், "ஸார், நீங்கள் பி.எஸ்ஸி. படித்தவர், ஏதாவது சயன்ஸ் விஷயமாகப் பேசுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கொலை வழக்கு. அதிலும் சயன்ஸ் நிறையவே இருக்கிறது என்பதால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஏன் கொலை வழக்கு? 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் அந்த இளம் டாக்டருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, இந்த ஊரில் யாருமே வேறு விஷயம் பேசவில்லை. 2025 ஜனவரி 18-ஆம் தேதி சியால்தா கோர்ட்டில் ஒருவன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 20-ஆம் தேதி ஆயுள் தண்டனை. அன்று சாயங்காலம் லேக்கைச் சுற்றி நடந்தபோது, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு ஹைகோர்ட் நடந்துகொண்டிருந்தது. தூக்கு ஏன் இல்லை, ஒருவன்தானா பலரா, காரணம் என்ன? நம் வீடுகளிலும் அதே கதைதான். நான் கவனித்தது ஒன்று. சாட்சியம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. காரணம் என்ன, யாருக்கு லாபம் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அந்த வழக்கைப் பற்றி நான் இங்கே அபிப்ராயம் சொல்லப் போவதில்லை. இன்னும் புண் ஆறவில்லை. யாருக்கும் ரத்தம் கொதிக்காமல் சாட்சியத்தைப் பற்றி வாதாட வேண்டுமானால் பழைய வழக்கு ஒன்று வேண்டும். இதே கல்கத்தாவில், தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், ஊரையே ஆட்டிவைத்த வழக்கு ஒன்று உண்டு. அதுதான் பாக்கூர் வழக்கு.

பாக்கூர் என்றால் உங்களில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். கண்ட்ராக்டர் "பாக்கூர் ஸ்டோன்" என்பானே, அந்தக் கறுப்பு ஜல்லி வருகிற ஊர். ஹௌராவிலிருந்து ராம்பூர்ஹாட், நல்ஹாட்டி தாண்டிப் போக வேண்டும். இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஜமீன். நிலம் மட்டுமல்ல, சுரங்கமும் கல் குவாரியும் உண்டு. ஜமீன்தார் காலமான பின் சொத்து இரண்டு பிள்ளைகளுக்கு. மூத்தவன் பினயேந்திர சந்திர பாண்டே, இளையவன் அமரேந்திர சந்திர பாண்டே. ஒரே அப்பா, வேறு வேறு அம்மா. பத்து வயது வித்தியாசம். மூத்தவனுக்குக் கல்கத்தாவில் குடி, கூத்து என்று பேர். இளையவன் ஊரில் எல்லோருக்கும் வேண்டியவன். இரண்டு வருஷமாகச் சொத்துத் தகராறு.

1933 நவம்பர் 26. இன்றைக்கு இருக்கிற ஹௌரா பாலம் அப்போது கிடையாது, அது 1943-ல்தான் திறந்தார்கள். மிதவைப் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வர வேண்டும். இருபது வயது அமரேந்திரா உறவினர்களோடு பாக்கூர் ரயிலுக்காக நடந்துகொண்டிருக்கிறான். கதராடை அணிந்த குள்ளமான ஓர் ஆள் உரசிக்கொண்டு போகிறான். வலது கையில் சுருக்கென்று குத்துகிறது. "யாரோ என்னைக் குத்திவிட்டான்" என்கிறான் பையன். அதற்குள் அந்த ஆள் கூட்டத்தில் மறைந்துவிட்டான். 1933-ல் கதர் கட்டியவனைத் தேடுவதென்றால் ஹௌராவில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டும். நம் டாக்குரியா ஸ்டேஷனில் ஆபீஸ் நேரத்து லோக்கலில் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். யார் குத்தினான், யார் இடித்தான் என்று யார் திரும்பிப் பார்க்க முடியும்?

உறவினர்கள், "ஊருக்குப் போக வேண்டாம், இங்கேயே ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்" என்று கெஞ்சுகிறார்கள். அப்போது, யாரும் அழைக்காமலே அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறான். "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சிரித்துத் தம்பியை ரயிலேற்றி அழைத்துப் போகிறான். மூன்று நாளில் ஜுரத்தோடு அமரேந்திரா கல்கத்தாவுக்குத் திரும்புகிறான். பரிசோதித்த டாக்டர் கையில் ஹைபோடெர்மிக் ஊசி குத்தியது போன்ற அடையாளத்தைப் பார்க்கிறார். ஜுரம் ஏறுகிறது, அக்குளில் வீக்கம், பிறகு நுரையீரல் கோளாறு. டிசம்பர் 4-ஆம் தேதி விடியற்காலை உயிர் போய்விடுகிறது. சர்டிபிகேட்டில் நிமோனியா. உடலைத் தகனம் செய்துவிட்டார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ரத்தம் எடுத்து கல்சர் போடக் கொடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் பிற்பாடுதான் வந்தது. ரத்தத்தில் இருந்தது பிளேக் கிருமி!

பிளேக் நமக்கு ஓரளவு பழக்கமான பேர்தான். 1994-ல் சூரத்தில் வந்தபோது ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது நினைவிருக்கும். 1898-ல் இந்தக் கல்கத்தாவிலும் வந்தது, அடுத்த வருஷம் சகோதரி நிவேதிதா தெருவில் இறங்கித் துடைப்பம் பிடித்தார். 1896 முதல் 1918 வரை இந்தியாவில் அதற்குப் பலியானவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். ஆனால் 1933-ல் நிலைமை வேறு. அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு பிளேக் கேஸ் கூடப் பதிவாகவில்லை. பிளேக்கே இல்லாத ஊரில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் மட்டும் பிளேக்கில் சாகிறான்.

1934 பிப்ரவரியில் போலீஸ் பினயேந்திராவையும், அவனுடைய நண்பர் டாக்டர் தாராநாத் பட்டாச்சார்யாவையும் கைது செய்தது. இந்த டாக்டருக்குக் கிருமிகளைக் கையாளும் லாபரட்டரி வேலை பழக்கம். இன்னும் இரண்டு டாக்டர்களும் சேர்த்துக் கைதானார்கள். ஒன்பது மாத விசாரணை.

இப்போது சாட்சியத்துக்கு வருவோம். பிராசிக்யூஷன் கையில் என்ன இல்லை என்று முதலில் பாருங்கள். ஊசி போட்டவன் கிடைக்கவில்லை, கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஊசி கிடைக்கவில்லை. உடல் இல்லை, ஆகவே போஸ்ட்மார்ட்டம் இல்லை. 1978-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் பல்கேரிய எழுத்தாளர் மார்கோவ் என்பவரைக் குடை முனையால் குத்திக் கொன்றார்கள் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அதே மாதிரி சுருக்கென்று ஒரு குத்து, நாலே நாளில் மரணம். அங்கே போஸ்ட்மார்ட்டத்தில் தொடையிலிருந்து குண்டூசித் தலை அளவு உலோகக் குண்டு ஒன்றை எடுத்தார்கள். கல்கத்தாவில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு லாபரட்டரி ரிப்போர்ட், அவ்வளவுதான்.

இருந்ததெல்லாம் காகிதம். சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் புரட்டியவன் என்பதால் இந்த இடம் எனக்கு மிகவும் ஸ்வாரஸ்யம்.

1932 மே மாதம் டாக்டர் தாராநாத் பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டுக்கு பிளேக் கல்சர் வேண்டும் என்று கேட்கிறார். வங்காள சர்ஜன் ஜெனரலின் அனுமதி இல்லாமல் தர முடியாது என்று டைரக்டர் பதில் போடுகிறார். அந்த டைரக்டரை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். ஒரு சாதாரண ரூல், அதைத் தளர்த்தவில்லை. பிறகு கல்கத்தாவில் ஒரு டாக்டரிடம் போய், "பிளேக்குக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறேன், சோதிக்க வேண்டும்" என்று சொல்லி அவருடைய லாபரட்டரியில் இடம் பிடிக்கிறார். கல்சர் வளரவில்லை, வேலை நின்றுபோகிறது. 1933-ல் பினயேந்திராவே பம்பாய்க்குப் போகிறான். இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த இரண்டு மிருக வைத்தியர்களுக்குப் பணம் காட்டிப் பார்க்கிறான். கடைத்தெருவில் வெள்ளை எலி வாங்குகிறான். கடைசியில் ஆர்தர் ரோடு தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் பேசி, தன் டாக்டர் நண்பர் அங்கே ஆராய்ச்சி செய்ய அனுமதி வாங்குகிறான். ஐந்தே நாள். ஜூலை 12-ஆம் தேதி ஆராய்ச்சியைத் திடீரென்று நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கல்கத்தாவுக்கு ரயிலேறுகிறார்கள்.

ஹோட்டல் பில், ஹோட்டல் ரிஜிஸ்டரில் பினயேந்திராவின் கையெழுத்து, பிரயாணக் காகிதங்கள், லாபரட்டரிக்குப் போன செய்திகள், எலி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் போலீஸ் தேடி எடுத்தது. கம்ப்யூட்டர் இல்லை, சிசிடிவி இல்லை, மொபைல் டவர் இல்லை. வெள்ளை எலி விற்ற கடைக்காரனின் ரசீதைத் தேடிப் பிடித்த அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு நமஸ்காரம் போடலாம்.

டிஃபென்ஸ் தரப்பு சொன்னது எளிமையானது. பையனை எலித் தெள்ளுப்பூச்சி கடித்திருக்கும், பிளேக் அப்படித்தானே வருகிறது? இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1898-ல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடித்ததே அதுதான், எலியிலிருந்து தெள்ளு, தெள்ளிலிருந்து மனிதன். கையில் இருந்த அடையாளம் ஊசிதான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

நான் படித்த சயன்ஸை வைத்து இதைக் கொஞ்சம் பார்க்கிறேன். பிளேக் கிருமி உடம்பில் புகுந்த இடத்துக்குப் பக்கத்து நெறி கட்டும். தெள்ளு பெரும்பாலும் காலில் கடிக்கும், அதனால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதுதான் அதிகம். கையில் புகுந்தால் அக்குளில் கட்டும். இங்கே குத்து கையில், வீக்கம் அக்குளில். நாள் கணக்கும் பொருந்துகிறது. கிருமி புகுந்து இரண்டு முதல் ஆறு நாளுக்குள் ஜுரம் வரும், இங்கே மூன்று நாளுக்குள் வந்துவிட்டது. ஆனால் தெள்ளு கையில் கடிக்கவே கடிக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இது வழக்குக்கு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம், நிரூபிக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டி.வி. விவாதங்களில் யாரும் கண்டுகொள்வதில்லை.

அடுத்த கேள்வி. ஜூலை 12-லிருந்து நவம்பர் 26 வரை 137 நாள். அத்தனை நாள் கிருமி உயிரோடு இருக்குமா? கோர்ட் இதை விரிவாக விசாரித்து, கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து அதுவரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று முடிவுசெய்தது. அது சரிதான். பிளேக் கிருமிக்கு மிகவும் பிடித்த உஷ்ணம் 28 டிகிரி சென்டிகிரேட் சுமார். கல்கத்தா அறையிலேயே வளரும். பழைய கல்சரிலிருந்து புதியதுக்கு மாற்றி மாற்றி வைத்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். கஷ்டம் என்னவென்றால், அப்படி மாற்றிக்கொண்டே போனால் சில சமயம் அதன் கொல்லும் சக்தி குறைந்துவிடும். குறைந்ததா இல்லையா என்று பார்க்க ஒரே வழி, ஒரு பிராணிக்கு ஊசி போட்டுப் பார்ப்பது. எலி எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

இதையும் டிஃபென்ஸ் தனக்குச் சாதகமாகத் திருப்பலாம். மருந்து கண்டுபிடிக்கிறவனுக்கும் எலி வேண்டும். உண்மை. அதனால்தான் என் கணக்கில் அவர்கள் பம்பாய்க்குப் போனது பெரிய சாட்சியம் இல்லை, எலி வாங்கியதும் இல்லை. ஐந்தாம் நாள் திரும்பியதுதான் சாட்சியம். ஒரு வருஷமாக அலைந்து, கெஞ்சி, லஞ்சம் கொடுக்கப் பார்த்து, கடைசியில் இடம் கிடைத்துவிட்டது. உண்மையான ஆராய்ச்சியாளன் அப்புறம்தான் வேலையை ஆரம்பிப்பான். இவர்கள் அப்போதுதான் முடித்தார்கள். மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தேடி வந்த பொருள் கையில் கிடைத்தவன்தான் அப்படிக் கிளம்புவான். என்னால் இதற்கு வேறு விளக்கம் யோசிக்க முடியவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதிகள் பிராசிக்யூஷன் சொன்னது உண்டு. அவற்றுக்கு நான் மார்க் குறைத்துத்தான் போடுவேன். ஒன்று, 1932-ல் தேவ்கரில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. அண்ணன் தம்பிக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிவந்து மூக்கில் அழுத்தி மாட்டினான், தோல் கிழிந்தது, பிறகு தம்பிக்கு டெட்டனஸ் வந்து, ஸீரம் கொடுத்துப் பிழைத்தான். கதையாகக் கேட்கப் பிரமாதம். ஆனால் டெட்டனஸ் மண்ணிலே இருக்கிற கிருமி. அந்தக் காலத்தில் ஒரு முள் குத்தினாலும் வரும். 1933 நடக்காமல் இருந்திருந்தால் இதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இரண்டாவது, ஸ்டேஷனில் "ஒன்றுமில்லை, கிளம்பு" என்றது. நிரபராதியான அண்ணனும் அதையேதான் சொல்வான். நம் வீட்டில் குழந்தை விழுந்து அழுதால் நாம் என்ன சொல்கிறோம்?

இப்போது காரணம், அதாவது மோட்டிவ். சொத்து. தம்பி போனால் எல்லாம் அண்ணனுக்கு. இதைக் கேட்டவுடன் எல்லோரும் "அதுதானே பார்த்தேன்" என்கிறார்கள். சென்ற மாதம் நாலைந்து பேர் உட்கார்ந்து இதைப் பேசியபோது ஒரு மாமி கேட்டாள், "ஏன்னா, பாகப்பிரிவினைச் சண்டை இல்லாத குடும்பம் நம்மில் எது? எல்லாரும் பம்பாய்க்குக் கிருமி வாங்கவா போனா?" என்று. எந்த வக்கீலும் இதைவிட நன்றாகக் கேட்டிருக்க முடியாது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கொல்லைக் கிணற்றுக்காக முப்பது வருஷம் முன்சீப் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பிகள் உண்டு. திவசத்தன்று எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேச மாட்டார்கள், அவ்வளவுதான். காரணம் ஆயிரம் பேரிடம் இருக்கும். 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் எட்டாவது பிரிவு மோட்டிவ், அதற்கான முன்னேற்பாடு, முன்னும் பின்னும் நடந்துகொண்ட விதம் மூன்றையும் சேர்த்துத்தான் சொன்னது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது நம் வழக்கம்.

அதே கூட்டத்தில் பாங்கில் ரிடையர் ஆன நண்பர் வேறு மாதிரி கேட்டார். "கொல்லத்தான் வேண்டுமென்றால் இவ்வளவு சிரமம் எதற்கு? சாதத்தில் விஷம் வைத்தால் போதாதா?" விஷம் என்றால் போலீஸ் வரும், வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள். வியாதி என்றால் டாக்டர் சர்டிபிகேட், உடனே தகனம். சர்டிபிகேட்டில் நிமோனியா என்று எழுதினார்களே, திட்டம் அதுவரை ஜெயித்துவிட்டது. பெனிசிலினோ ஸ்ட்ரெப்டோமைசினோ இல்லாத காலம், பிளேக் ரத்தத்தில் ஏறிவிட்டால் பிழைப்பது துர்லபம். ஆனால் அவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. 1898-ல் இதைச் செய்திருந்தால் ஊரோடு ஒன்றாகப் போயிருக்கும். பிளேக்கே இல்லாத கல்கத்தாவில், பிளேக் கிருமி கேட்டு ஒரு வருஷம் கடிதம் எழுதினவர்களைத் தவிர வேறு யாரைச் சந்தேகிப்பது? நிச்சயமாகக் கொல்லக்கூடியது என்று பார்த்துப் பார்த்து எடுத்த ஆயுதமே விலாசத்தைக் காட்டிவிட்டது.

விசாரணைக் கோர்ட் பினயேந்திராவுக்கும் டாக்டர் தாராநாத்துக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. மற்ற இரண்டு டாக்டர்களுக்கும் எதிராகப் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை. 1936 ஜனவரியில் கல்கத்தா ஹைகோர்ட் குற்றம் நிரூபணமானதை உறுதிசெய்து, தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. குற்ற சரித்திரத்திலேயே இதற்கு ஈடு இல்லை என்ற பொருளில் ஒரு நீதிபதி குறிப்பிட்டார்.

இங்கே அபிப்ராய பேதம் இருக்கும், எனக்குத் தெரியும். இவ்வளவு திட்டமிட்டவர்களைத் தூக்கில் போடாமல் விட்டதா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். குற்றவாளிகள் அவர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1984-ல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் சந்தர்ப்ப சாட்சியத்துக்கு ஐந்து நிபந்தனைகள் சொன்னது, அதைப் பஞ்சசீலம் என்றே குறிப்பிட்டது. சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும், குற்றமற்றவன் என்று நினைக்க இடமே இருக்கக் கூடாது. பாக்கூர் வழக்கை அந்த அளவுகோலில் வைத்தாலும் பெரும்பாலும் தேறும் என்பது என் எண்ணம். ஆனால் நடுவில் ஒரு கண்ணி மட்டும் இல்லை, ஊசியைப் பிடித்த கை. அந்த ஆள் ஒருநாள் அகப்பட்டு, யார் அனுப்பினார், எத்தனை பேர் என்று வேறொன்று சொல்லியிருந்தால்? தூக்கில் போட்டபின் ஃபைலைத் திறந்து பிரயோஜனம் இல்லை. 2004 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அலிப்பூர் ஜெயிலில் தனஞ்சய் சாட்டர்ஜியைத் தூக்கிலிட்டார்கள். நம்மில் பலர் அன்று ஆமோதித்தோம், சிலர் இல்லை. பிற்பாடு, 2016-ல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் அந்த வழக்கின் சாட்சியங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, பல கேள்விகளை எழுப்பிப் புத்தகமே போட்டார்கள். அவர்கள் சொன்னது சரியா தப்பா என்பது வேறு விஷயம். சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், யாரிடம் போய்ச் சொல்வது?

பாக்கூர் வழக்கை விவரமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, டான் மாரிசன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதைப் பற்றி இங்கிலீஷில் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

கடைசியாக, பேசுவதற்கு முன்பே ஒரு சின்னப் பையன், நம் அங்கத்தினர் ஒருவரின் பேரன், என்னிடம் கேட்ட கேள்வி. "தாத்தா, அந்தக் கதர்ச் சட்டைக்காரனுக்கு ஊசியில் என்ன இருக்குன்னு தெரியுமா?" தெரிந்திருந்தால், ஒரு கைதவறல், தன் விரலிலேயே ஒரு கீறல், அவனும் ஒரு வாரத்தில் போயிருப்பான். தெரிந்தே அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹௌரா கூட்டத்தில் நடந்திருப்பானா என்பது எனக்கும் சந்தேகம்தான். ஒருவேளை ஏதோ மயக்க மருந்து என்று சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. அப்படியானால் அவனை எந்தக் குற்றத்துக்கு விசாரிப்பது என்று வக்கீல் மாமாக்கள் காப்பி சாப்பிடும்போது வாதாடலாம்.